ஓவர்ஸ்பீடு கோடு மூன்று முறை: ஒரு டிப்பர் லாரியின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வண்டி யாருடையது, எந்தத் தயாரிப்பு என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. அதன் அளவுகள் தேவை, விஷயம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது.

சுமார் 9 லிட்டர் டீசல் என்ஜின். வரிசையாக 6 சிலிண்டர், சிலிண்டருக்கு 4 வால்வு, கீழேயிருக்கும் கேம் நீளக் கம்பிகள் வழியாக வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடு வகை. ஸ்ட்ரோக் 145 மி.மீ. முழு லோடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் 2,100 ஆர்பிஎம்மில் பிடிக்கும். கியர் பாக்ஸ் கையால் மாற்றுவது. மிக மெதுவாக நகர்த்தும் கிராலர் கியரை விட்டுவிட்டால் 8 கியர், விகிதங்கள் 1-இல் தொடங்கி வரிசையாக 6.58, 4.68, 3.48, 2.62, 1.89, 1.35, 1.00, 0.75. பின் அச்சின் கிரௌன் விகிதம் 4.30. டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை உருட்டி, டேப் பிடித்து அளந்தோம்: 3.20 மீட்டர். வண்டியில் என்ஜின் பிரேக் உண்டு. கம்ப்ரஷன் முடியும் தறுவாயில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து, அழுத்திய காற்றை வெளியே விட்டுவிடும் வகை.

இறக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட்டார். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யவே இல்லை. எங்கள் ஒர்க் ஷாப்புக்கு இழுத்துத்தான் கொண்டு வந்தார்கள். அவர் செய்ததிலேயே மிகச் சரியான காரியம் அது.

கூடவே வண்டிகளைக் கவனிக்கும் மேலாளரும் வந்திருந்தார். வழியிலேயே ஒரு ஸ்கேனர் வைத்து, என்ஜின் கம்ப்யூட்டர் (ஈசிஎம்) பதிந்து வைத்திருந்த பிழைக் கோடு (code) எடுத்துப் பார்த்திருந்தார்கள். எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 0, எண்ணிக்கை 3. எஸ்ஏஇ ஜே1939 என்ற பாரவண்டிக் கோடு முறையில் எஸ்பிஎன் எதில் கோளாறு என்பதையும் எஃப்எம்ஐ எந்த விதக் கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 190 என்பது என்ஜின் வேகம். எஃப்எம்ஐ 0 என்றால் அளவு மிகக் கடுமையான மட்டத்துக்கு மேலே போய்விட்டது என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் ஓவர்ஸ்பீடு, அதாவது என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றியதாகப் புகார். மேலாளர் முடிவு கட்டியே வந்திருந்தார். “கோடே சொல்லுதே, ஓவர்ஸ்பீடுன்னு. மூணு தடவை தப்பான கியர் போட்டிருக்கார். அப்புறம் என்ன சார் விசாரணை?” டிரைவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய நம்மிடம் ஒரு கடிதம் கேட்டார்.

டிரைவர் சொன்னது இது: “இறக்கத்துல கியரத் தொடவே இல்லண்ணே. நாலுல போட்டு என்ஜின் பிரேக்ல விட்டிருந்தேன். முள்ளு திடீர்னு குதிச்சுது, பிரேக்கு பிடி விட்டுப்போச்சு, சிவப்பு லைட்டு வந்துருச்சு. ஆனா சத்தம் ஏறவே இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஜாப் கார்டில் எழுதிக்கொண்டேன். அதன் எடை அப்போது எனக்குத் தெரியவில்லை.

## முதலில் எடுத்த முடிவுகள்

ஓவர்ஸ்பீடு என்று வரும் வண்டியில் மூன்று வகை இருக்கலாம். என்ஜின் தானே எரிபொருள் குடித்து ஏறியிருக்கலாம்: இன்ஜெக்டர் திறந்தபடி நின்றது, டர்போ சீல் போய் ஆயில் உள்ளே போனது, வெளிக்காற்றில் எரியும் ஆவி கலந்திருந்தது போன்றவை. அல்லது சக்கரங்கள் என்ஜினைத் தள்ளியிருக்கலாம்: இறக்கமும் தப்பான கியரும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஈசிஎம் எரிபொருளை அறுத்துவிடும், சரி. ஆனால் சக்கரம் தள்ளும்போது அறுக்க அங்கே எரிபொருளே இல்லை. வேகத்தைத் தடுக்க கம்ப்யூட்டரிடம் வேறு வழியும் இல்லை. மூன்றாவது, என்ஜின் ஏறவே இல்லை, அளவு மட்டும் பொய்.

மூன்றில் எது என்று தெரியாதவரை ஸ்டார்ட் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். முதல் வகையாக இருந்தால் ஸ்டார்ட் செய்த நிமிஷமே கையை மீறிப் போகும். இரண்டாவதாக இருந்து வால்வு பிஸ்டனைத் தொட்டிருந்தால், ஒரு சுற்று ஸ்டார்ட்டர் போதும், வளைந்த வால்வு முறிந்து உள்ளே விழ.

கோடுகளை அழிக்கும் முன் எல்லாப் பதிவுகளையும் சேமித்தோம். மேலாளர் “அழிச்சுட்டு ஓட்டிப் பாருங்க, திரும்ப வருதான்னு தெரியும்” என்றார். மறுத்துவிட்டோம். இந்த ஈசிஎம் ஒவ்வொரு கோடுக்கும் முதல் நிகழ்வின் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் (கோடு விழுந்த நொடியில் இருந்த அளவுகளின் பதிவு) கடைசி நிகழ்வின் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் வைத்திருக்கும். நடுவில் வந்தவை எண்ணிக்கையில் மட்டும்தான் ஏறும். அழித்தால் எல்லாமே போய்விடும்.

அடுத்து டர்போவிலிருந்து இண்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றினோம். லேசான எண்ணெய்ப் பசை இருந்தது, தேங்கிய ஆயில் இல்லை. ஆயில் மட்டம் சரியாக இருந்தது, டீசல் வாடையும் இல்லை. ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து பாரிங் டூல் போட்டு கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றினோம். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் பிடிக்கவில்லை.

## கடைசி ஃப்ரேம்

கடைசி நிகழ்வின் ஃப்ரேம் இது. என்ஜின் ஓடிய நேரம் 4,553 மணி. வேகம் 3,406 ஆர்பிஎம். வண்டி 36 கி.மீ. வேகத்தில். ஆக்சிலரேட்டர் 0. டார்க் 0. என்ஜின் பிரேக் ஆன். கிளட்ச் மிதிக்கப்படவில்லை.

பெடலும் டார்க்கும் சுழி என்பதாலும் ஆயில் தேங்கியிருக்காததாலும் முதல் வகையை ஒதுக்கினோம். மிச்சம் இரண்டு. இதற்குக் கணக்குப் போதும் என்று நினைத்தேன். வண்டி 36 கி.மீ. வேகத்தில் போனால் நிமிஷத்துக்கு 600 மீட்டர். 3.20-ஆல் வகுத்தால் சக்கரம் 187.5 சுற்று. கிரௌனால் பெருக்கினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 806 சுற்று. இதை ஒவ்வொரு கியராலும் பெருக்கினால், 5-இல் 1,524, 4-இல் 2,112, 3-இல் 2,806, 2-இல் 3,773.

3,406 எந்தக் கியரிலும் உட்காரவில்லை. ஸ்கேனர் 36 என்று முழு எண்ணாகக் காட்டுகிறது, உண்மையில் அது 35.5 முதல் 36.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தளர்வைக் கொடுத்தாலும் 3-ஆம் கியர் 2,850-ஐத் தாண்டாது, 2-ஆம் கியர் 3,700-க்குக் கீழே வராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் வேக சென்சார் கியர் பாக்ஸின் வால்பகுதியில் இருக்கிறது. டயர் வழுக்கினாலும் தேய்ந்தாலும் என்ஜினுக்கும் அந்த ஷாஃப்டுக்கும் இடையே உள்ள விகிதம் மாறாது. கியர் விழுந்து கிளட்ச் வழுக்காமல் இருந்தால் கணக்கு ஒத்துப்போயே ஆக வேண்டும்.

கிளட்ச் வழுக்கியிருந்தால்? கூட வேலை செய்யும் இளைய மெக்கானிக் கேட்ட கேள்வி இது, நல்ல கேள்வி. லீவர் 2-இல் விழுந்து, கிளட்ச் பிளேட் வழுக்கியபடி என்ஜினை 3,773 நோக்கி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகிற வழியில் 3,406-ஐக் கடக்கும்போது ஃப்ரேம் பதிவாகியிருக்கலாம். கிளட்ச் ஸ்விட்ச் பெடலைத்தான் பார்க்கிறது, பிளேட்டைப் பார்ப்பதில்லை. ஆக கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. சிக்னலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கோடு பட்டியலில் ஒரு வரி கீழே இருந்ததைக் கவனித்தோம். எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 2, எண்ணிக்கை 14. எஃப்எம்ஐ 2 என்றால் அளவு தாறுமாறாக, விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். கடைசியாக வந்தது அதே 4,553-ஆவது மணியில். சிவப்பு விளக்கை எரிய வைத்த கோடு மேலே இருந்ததால், வழியில் பார்த்தவர்கள் யாரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. உண்மையில் வேகமாகச் சுற்றிய என்ஜின் “சிக்னல் தாறுமாறு” என்று 14 முறை புகார் சொல்லக் காரணமில்லை.

## ஸ்கோப்பில் தெரிந்தது

மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் சாய்ந்ததால், அதாவது கணக்கு, எஃப்எம்ஐ 2, கையால் சுற்றியபோது தடையின்மை, இப்போது ஸ்டார்ட் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். காற்றுக் குழாயை அடைக்கப் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். என்ஜின் அமைதியாக ஐடிலில் நின்றது.

சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஸ்கோப்பை மாட்டினோம். கிராங்க் சென்சார் சிக்னல் ஒரு சேனலில், கேம் சென்சார் இன்னொரு சேனலில். கிராங்க்கோடு சுற்றும் பல் சக்கரமான டோன் வீல் 60 பல் இடைவெளியில் 2 பல் விடுபட்ட வகை. இதில் ஒரு வசதி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. சுற்றுக்கு 60 பல் இடைவெளி, நிமிஷத்துக்கு 60 விநாடி. அதனால் பல் வரிசையின் ஹெர்ட்ஸ் எண்ணும் ஆர்பிஎம் எண்ணும் ஒன்றே. ஐடிலில் ஸ்கோப் 650 ஹெர்ட்ஸ் காட்டினால் என்ஜின் 650 ஆர்பிஎம். டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. அந்த முள் ஈசிஎம் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறது, அது தனிச் சாட்சி அல்ல. டிரைவர் முள் குதித்ததைப் பார்த்தார் என்பதால் என்ஜின் குதித்தது என்று ஆகாது.

அலை சுத்தமாக வந்தது. சதுரம் சதுரமாக, ஒழுங்காக. ஹார்னஸை, அதாவது ஒயர் கட்டை, கனெக்டரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போனோம். என்ஜினின் இடது பக்கம், பிளாக்கில் ஒரு தகட்டு பிராக்கெட்டைக் கடக்கும் இடத்தில் விரலால் அழுத்தியதும் சதுரங்களுக்கு நடுவே மெல்லிய கீற்றுகள் விழுந்தன. மேலே நிற்க வேண்டிய கோடு திடீரென்று கீழே தொட்டுத் திரும்பியது. ஸ்கேனரில் 650 என்று நின்ற எண் 1,100-க்கு எகிறியது. கேம் சேனல் அசையவில்லை, கிராங்க்கின் பாதி வேகத்தில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தமும் மாறவில்லை. டிரைவர் சொன்ன “சத்தம் ஏறவே இல்ல” அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2,112-லிருந்து 3,406-க்குப் போகும் என்ஜின் அலறும். 20 வருஷம் ஓட்டியவருடைய காது அதைத் தவறவிடாது.

கவர் டியூபைப் பிரித்துப் பார்த்தோம். ஹார்னஸைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து காணாமல் போயிருந்தது. ஒயர் கட்டு தகட்டின் ஓரத்தில் உரசி உரசி, சிக்னல் ஒயரின் மேலுறை ஒரு நகத்தின் அகலத்துக்குத் தேய்ந்து, இரண்டு செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஹால் சென்சாரில் சிக்னல் ஒயர் மேல் மட்டத்தில் நிற்கும்போது எர்த்தைத் தொட்டால் உடனே சுழிக்கு விழும். விலகினால் மறுபடி எழும். ஒவ்வொரு தொடுகையும் ஈசிஎம் கண்ணுக்கு ஒரு கூடுதல் பல். பல் கூடினால் வேகம் கூடியதாகக் கணக்கு.

இறக்கத்தில் மட்டும் ஏன்? இழுக்கும்போது என்ஜின் மவுண்டில் ஒரு பக்கம் சாய்கிறது, சக்கரம் தள்ளும்போது எதிர்ப் பக்கம் சாய்கிறது. என்ஜின் பிரேக் போட்டால் அந்தச் சாய்வோடு கடுமையான அதிர்வும் சேரும். கையால் என்ஜினை எதிர்ப் பக்கம் தள்ளிப் பார்த்தோம். ஒயர் கட்டு தகட்டின் மேல் போய் இறுகியது. பொய்க் கோடு வருவதற்கு ஏற்ற இடமும் தப்பான கியர் விழுவதற்கு ஏற்ற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. இந்தப் பொருத்தம்தான் டிரைவரை மாட்டிவிட்டது.

ஒயரை வெட்டி இணைத்து, வெப்பக் குழாய் சுருக்கி, புதுக் கிளிப் போட்டு, தகட்டின் ஓரத்துக்கு ரப்பர் விளிம்பு கொடுத்தோம். பாரம் ஏற்றி அதே போன்ற இறக்கத்தில் 4-ஆம் கியரில் என்ஜின் பிரேக்கோடு பலமுறை இறக்கினோம். சிக்னலில் ஒரு கீற்றும் இல்லை. இரண்டாம் நாள் மாலை வண்டியை விட்டுவிட்டோம். மேலாளரிடம், “ஓவர்ஸ்பீடு நடக்கவில்லை, ஒயர் கோளாறு, வால்வு பக்கம் திறக்கத் தேவையில்லை” என்று நானே வாயால் சொன்னேன்.

அது தவறு.

## நான்காம் நாள்

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, முழுமைக்காக முதல் நிகழ்வின் ஃப்ரேமையும் சேர்த்துவிடலாம் என்று எடுத்தேன். அதுவரை அதை நான் கணக்குப் போடவில்லை. மூன்றும் ஒரே கோடு, ஒரே காரணம் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிட்டது.

முதல் ஃப்ரேம்: 4,198 மணி. 2,934 ஆர்பிஎம். வண்டி 69 கி.மீ. வேகத்தில். பெடல் 0, டார்க் 0. என்ஜின் பிரேக் ஆஃப்.

69 கி.மீ. என்றால் நிமிஷத்துக்கு 1,150 மீட்டர், சக்கரம் 359 சுற்று, ஷாஃப்ட் 1,545 சுற்று. 8-இல் 1,159. 7-இல் 1,545. 6-இல் 2,086. 5-இல் 2,921.

2,934-க்கும் 2,921-க்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. பொய்ச் சிக்னல் ஏதோ ஒரு எண்ணில் விழும். கியர் விகிதத்தின் மேல் இவ்வளவு துல்லியமாக வந்து உட்காராது. எஃப்எம்ஐ 2 கோடின் முதல் பதிவையும் பார்த்தேன்: 4,391 மணி. அதாவது ஒயர் தேயத் தொடங்கி ஈசிஎம் புகார் சொல்ல ஆரம்பித்ததே, முதல் ஓவர்ஸ்பீடு நடந்து கிட்டத்தட்ட 200 மணி நேரம் கழித்துத்தான்.

முதல் நிகழ்வு உண்மை. என்ஜின் நிஜமாகவே 2,934 சுற்றியிருக்கிறது.

அந்த வேகம் என்ஜினுக்கு என்ன செய்யும் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட முடியாது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் திருப்பி இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 2,100-க்கும் 2,934-க்கும் வேகத்தில் வித்தியாசம் 40 சதவீதம், விசையிலோ 1.95 மடங்கு. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேல் முனையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்த அழுத்தம் எதுவும் இல்லை, அந்த இழுவை முழுக்க ராடு போல்ட்டுகள் மேல் விழுகிறது. வால்வு ஸ்பிரிங்குக்கும் இதே கதிதான். கேம் இறங்கிப் போகும் வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வைக் கூடவே கொண்டுவர முடியாமல் போனால் வால்வு தாமதமாக மூடும். மேலே வரும் பிஸ்டன் அதைத் தட்டும். அடி புஷ் ராடு வழியாகக் கீழே இறங்கும். லேசான தட்டாக இருந்தால் வால்வு தப்பித்து புஷ் ராடு வளையும். கையால் சுற்றும்போது எதுவும் தெரியாது. இரண்டாம் நாள் நாங்கள் “தடை இல்லை” என்று எழுதியது உண்மைதான். அதை வைத்து “சேதம் இல்லை” என்று முடிவு கட்டியதுதான் பிழை.

மேலாளருக்கு போன் செய்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். இரண்டு நாள் முன்பு வேண்டாம் என்றவர்கள் இன்று திறக்க வேண்டும் என்கிறார்கள். கணக்கைத் தாளில் எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டு, கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஓடவிட்டா என்னாகும்?” ஒன்றும் ஆகாமலும் போகலாம், இல்லையென்றால் வால்வு தலை அறுந்து பிஸ்டனில் விழலாம் என்றேன். வண்டி திரும்பி வந்தது.

## திறந்தபோது

ராக்கர் கவரைக் கழற்றி, குளிர்ந்த என்ஜினில் 12 டேப்பெட் கிளியரன்ஸும் எடுத்தோம் (இரண்டு வால்வுக்கு ஒரு ராக்கர், ஒவ்வொரு ராக்கருக்கும் விட வேண்டிய இடைவெளி இது). இந்த என்ஜினுக்கு எக்ஸாஸ்ட் 0.56 மி.மீ. இருக்க வேண்டும். ஐந்தில் சரியாக இருந்தது. 4-ஆம் சிலிண்டரில் 0.56 ஃபீலர் கேஜ் தகடு தளர்வாக ஆடியது. தகடு மேல் தகடு சேர்த்து 0.92-இல்தான் பிடி கிடைத்தது.

புஷ் ராடுகளை உருவி, ஒவ்வொன்றையும் சமதளக் கண்ணாடி மேல் உருட்டினோம். நேரான ராடு சத்தமில்லாமல் உருளும். 4-ஆம் எக்ஸாஸ்ட் ராடு உருளும்போது நடுப்பகுதி ஏறி இறங்கியது, கண்ணாடியில் டக் டக் என்று தட்டியது. அடியில் ஒளி விழுந்து விழுந்து மறைந்தது. 2-ஆம் எக்ஸாஸ்ட் ராடிலும் மிக லேசான வளைவு இருந்தது. அதன் கிளியரன்ஸ் அளவுக்குள் இருந்ததால் அளந்தபோது தப்பிவிட்டது, உருட்டியபோதுதான் மாட்டியது. கிளியரன்ஸ் சரியாக இருந்தால் ராடு நேராக இருக்கிறது என்று இனி நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வால்வு பிரிட்ஜ், ஸ்பிரிங், லாக், ராக்கர் எல்லாம் பார்த்தோம், முறிவோ விரிசலோ இல்லை. 6 சிலிண்டரிலும் காற்றடைத்துக் கசிவு பார்த்தோம். 4-ஆவதும் மற்றவற்றோடு ஒத்தே இருந்தது, வால்வு வளையவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்ததில் உலோகத் துகள் எதுவும் இல்லை. ஆயில் பேனை இறக்குவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. நான் இறக்க வேண்டும் என்றேன். கனெக்டிங் ராடின் அடிமுனையைக் கிராங்க்கோடு பிடிக்கும் பிக் எண்ட் கேப்களில் 1-ஆவதையும் 4-ஆவதையும் திறந்தோம். ஷெல்களில் அசாதாரண தேய்மானம் இல்லை. திறந்த போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதிது போட்டோம். மற்ற நான்கு கேப்பும் திறக்கப்படாமல் இருக்கின்றன என்பதை அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

அப்புறம் கியர் லீவர். முதல் நிகழ்வில் 5 விழுந்தது எப்படி என்று பார்க்காமல் விட மனமில்லை. இந்த கியர் பாக்ஸில் மேல் வரிசை 5-6 ஒரு கேட், 7-8 பக்கத்துக் கேட். நியூட்ரலில் ஸ்பிரிங் லீவரை 5-6 பக்கமே கொண்டுவந்து நிறுத்தும். 8-லிருந்து 7-க்கு வருபவர் லீவரை வலப்பக்கம் அழுத்திப் பிடித்தபடியே முன்னே தள்ள வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தால் 7-க்கு நேர் பக்கத்தில் இருக்கும் 5-இல் போய் விழும். லீவரின் அடிப் புஷ் தேய்ந்து, 7-இல் நிற்கும்போதே பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆடியது. கேட் எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரியவே தெரியாது. அன்று ஓட்டியவர் கவனக்குறைவாக இருந்தாரா, லீவர் ஏமாற்றியதா என்று ஃப்ரேம் சொல்லாது. ஆனால் இந்த லீவரோடு ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. புஷ்ஷை மாற்றினோம்.

## பிறகு நடந்தது

இரண்டு புஷ் ராடும் புதிது போட்டு, 12 கிளியரன்ஸும் சரிசெய்து அனுப்பினோம். 100 மணி நேரம் கழித்து மறுபடி திறந்து அளந்தோம். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. அதன் பிறகு 600 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. எஸ்பிஎன் 190-இல் எந்தக் கோடும் வரவில்லை. சில மாதங்களாக ஐடிலில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு டிக் சத்தம் நின்றுவிட்டது என்று டிரைவர் சொன்னார். இன்ஜெக்டர் சத்தம் என்று நினைத்திருந்தாராம். நாங்களும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போதைய டிரைவர் இந்த வண்டிக்கு வந்தது லாக் புத்தகத்தின்படி சுமார் 4,310-ஆவது மணியில். உண்மையான ஓவர்ஸ்பீடு அவர் வருவதற்கு முன் நடந்தது. அவர் ஓட்டும்போது பதிவான கடைசி நிகழ்வு பொய். இரண்டு ஃப்ரேமையும் கணக்கோடு மேலாளரிடம் கொடுத்தோம். பிடித்தம் கைவிடப்பட்டது. முந்தைய டிரைவரின் பெயரை அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை, லீவர் புஷ்ஷின் படத்தைச் சேர்த்தோம்.

## மாற்றிக்கொண்டவை

பாரவண்டி எதில் இந்தக் கோடு வந்தாலும், முதல் வேலையாக எட்டு கியருக்குமான ஆர்பிஎம் கணக்கை ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதுகிறோம், இருக்கிற எல்லா ஃப்ரேமுக்கும். ஒன்று பொய் என்று நிரூபணமானாலும் மற்றவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் வண்டியை விடுவதில்லை. கோடு ஒன்றாக இருக்கலாம், எண்ணிக்கை 3 என்பது மூன்று வெவ்வேறு நாட்கள், மூன்று வெவ்வேறு காரணங்களாக இருக்கலாம்.

ஒரு ஃப்ரேமாவது கியர் விகிதத்தோடு பொருந்தினால், தயாரிப்பாளர் கையேட்டில் அந்த வேகத்துக்கு என்ன பரிசோதனை சொல்லியிருக்கிறதோ அதைச் செய்த பிறகுதான் ஸ்டார்ட். ராக்கர் கவர் திறந்தால் புஷ் ராடை உருட்டாமல் மூடுவதில்லை. டிரைவரிடம் கேட்கும் கேள்விகளில் இரண்டு கூடியிருக்கின்றன: அப்போது சத்தம் ஏறியதா, அதற்கு முன்பிருந்தே ஐடிலில் புதுச் சத்தம் ஏதாவது உண்டா.

நடுவில் வந்த இரண்டாவது நிகழ்வுக்கு ஃப்ரேம் இல்லை. அது உண்மையா பொய்யா என்று அறிக்கையில் எழுதவில்லை. “இரண்டாம் நிகழ்வு: பதிவு இல்லை” என்று மட்டும் இருக்கிறது. 2-ஆம் சிலிண்டரின் அந்த லேசான வளைவு முதல் நிகழ்விலேயே வந்ததா, இதில் வந்ததா என்பதையும் அதனால் சொல்ல முடியவில்லை. அந்த ராடு இன்னும் எங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் கண்ணாடியையும் அதையும் கொடுத்து உருட்டச் சொல்கிறோம்.